டார்ச் வெளிச்சத்தில் தெரிந்ததும் படத்தில் தெரிந்ததும்: பழைய லென்ஸ் அனுபவங்கள்

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்று கைக்கு வந்தால் அது தேறுமா தேறாதா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

ஒரே சமயத்தில் என்னிடம் இரண்டு 50 எம்.எம். லென்ஸ்கள் வந்தன. ஒன்றின் முன் கண்ணாடியில் நகத்தளவு நீளத்துக்கு ஒரு கீறல். இன்னொன்று பளிச்சென்று இருந்தது. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் புத்தம் புதிது மாதிரி. கீறல் விழுந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, பளிச்சென்று இருந்ததை ஒரு மாதம் பயன்படுத்தினேன். எடுத்த படமெல்லாம் பலமுறை துவைத்த துணி போல வெளுத்திருந்தது. கறுப்பு எங்குமே கறுப்பாக விழவில்லை. பழைய லென்ஸ், பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்கும் ஒற்றை அடுக்குதான், இவ்வளவுதான் வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்து அடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். அபெர்ச்சர் பிளேடுகளை ஒட்டிய கண்ணாடியில், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஊதினால் படியுமே, அதுபோல ஒரு மெல்லிய படலம். ஓரத்தில் அடர்த்தி, நடுவில் கொஞ்சம் குறைவு. பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தபோது இதில் துளிகூடக் கண்ணில் படவில்லை. ஃபோகஸ் வளையத்துக்குப் போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்ளே படிவதால் இப்படி ஆவதுண்டு.

அப்புறம் அலமாரியிலிருந்த கீறல் லென்ஸை எடுத்தேன். வெளிச்சமான ஜன்னல், அதன் கீழே இருட்டில் ஒரு கறுப்பு மேல்சட்டை. இரண்டு லென்ஸிலும் ஒரே அபெர்ச்சர், ஒரே ஷட்டர். கீறல் லென்ஸில் சட்டை கறுப்பாகவே இருந்தது, தையல்கூடத் தெரிந்தது. படலம் படிந்ததில் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. யோசித்தால் காரணம் எளிது. முன் கண்ணாடிக் கீறல் ஃபோகஸில் விழாது, மொத்தப் பரப்பில் அது மறைப்பதும் மிகக் கொஞ்சம். படலமோ உள்ளே வரும் வெளிச்சம் முழுவதையும் சிதறடிக்கிறது. பின் கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் நான் தயங்குவேன். சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால், அபெர்ச்சரைக் குறுக்கும்போது அது படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஒன்று மறக்காதீர்கள். பவர் அதிகமான டார்ச்சை அடித்தால் புது லென்ஸிலும் தூசி கொட்டிக் கிடப்பதுபோல் தெரியும். தூசிக்காக எந்த லென்ஸையும் ஒதுக்க வேண்டாம். தேட வேண்டியது மூன்று: படலம், கிளை கிளையாக நூல்போல ஓடும் பூஞ்சை, ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டுப்போய் ஓரத்தில் வானவில் நிறத்தில் மின்னும் வளையம்.

* * *

அண்ணா, டார்ச்சில் பிடிபடாத ஒன்றும் இருக்கிறது. என் 35 எம்.எம். லென்ஸை எந்தப் பக்கம் வெளிச்சம் அடித்துப் பார்த்தாலும் குறையே சொல்ல முடியாது. ஆனால் படத்தின் வலது மேல் மூலை மட்டும் எப்போதும் குழைந்திருக்கும். அபெர்ச்சரை எஃப்/8 வரை குறுக்கினாலும் மற்ற மூன்று மூலைகளை அது எட்டிப் பிடிக்காது.

முதலில் கேமராவைத்தான் கோணலாக வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். முக்காலியில் வைத்து, தொலைவில் இருந்த ஒரு மொட்டைமாடிக் கைப்பிடியை நாலு மூலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து எடுத்தேன். வலது மேல் மூலைக்கு வரும்போது மட்டும் கம்பிகள் கரைந்தன. பிறகு கேமராவையே தலைகீழாகத் திருப்பி எடுத்தேன். கோளாறு காட்சியில் இருந்தால் குழைவு காட்சியின் அதே பக்கத்திலேயே நின்றிருக்கும். அப்படி நிற்கவில்லை, கேமராவோடு சேர்ந்து திரும்பியது. பழைய லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டினேன். நாலு மூலையும் சீராக வந்தன. அப்படியானால் அடாப்டரும் தப்பு செய்யவில்லை. லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடி அச்சிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பூட்டும்போது சரியாக உட்காராமல் விட்டிருக்கலாம். முன்வளையத்தின் திருகுப்பள்ளத்தில் கருவி வழுக்கிய தடம் இருந்தது. வாங்கும்போது அதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. இப்போதெல்லாம் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தடத்தைத்தான் தேடுகிறேன்.

அடாப்டர் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸுக்கு, மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து) சென்சார் 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். சோனி கேமராக்களின் இ மவுண்டில் அது 18 மி.மீ.தான். மீதி 27.46-ஐ அடாப்டர் நிரப்புகிறது. பல அடாப்டர்களை முடிவிலி ஃபோகஸ் (இன்ஃபினிட்டி) தவறிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் வளையம் முடிவிலிக் குறியைத் தொடும் முன்பே தூரம் ஃபோகஸாகிவிடும், குறி வரை போனால் தாண்டிவிடும். வளையத்தை முடிவிலிக் குறி வரை திருகிவிட்டு 'தூரத்தில் ஷார்ப் இல்லை' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல லென்ஸுக்குக் கெட்ட பெயர். கேமராத் திரையில் லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

* * *

சின்ன அனுபவம்தான். என்னிடம் தோரியம் கலந்த கண்ணாடி உள்ள பழைய 50 ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் உள்ளே டீத்தண்ணீர் ஊற்றியதுபோல மஞ்சள். பென்டாக்ஸின் ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர் டாகுமார் 50 எஃப்/1.4-ஐ வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோரியத்தின் கதிர்வீச்சால் கண்ணாடி நாளடைவில் நிறம் மாறுகிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டிருந்தால் கேமராவே திருத்திவிடும், படத்தில் ஒன்றும் தெரியாது. ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்து வெள்ளைத் தாளை எடுங்கள், அப்போது உண்மை வெளியே வரும். புற ஊதா எல்.இ.டி. விளக்குக்குக் கீழே நாள்கணக்கில் வைத்திருந்தேன், ஏறக்குறைய முழுதாகத் தெளிந்துவிட்டது. வெயிலில் வைத்தும் செய்யலாம், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும். பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடாமல் வைக்கவே வைக்காதீர்கள்.

* * *

சுவரைப் படம் எடுத்து லென்ஸுக்கு மார்க் போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஹீலியோஸ் 44-2 மேல் தனி அன்பு. 58 எம்.எம்., எஃப்/2. ஜெர்மனியில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த ட்ஸைஸ் பயோட்டார் லென்ஸின் வழியில் சோவியத் நாட்டில் செய்தது. எஃப்/2-இல் செங்கல் சுவரை எடுத்தேன். நடு நன்றாக இருந்தது, மூலைகள் கரைந்திருந்தன. அன்றே அதை ஓரங்கட்டியிருப்பேன். மனசு கேட்காமல், கேமராவை அசைக்காமல், மூலையில் உள்ள செங்கல்லுக்கு ஃபோகஸ் செய்து இன்னொரு படம் எடுத்தேன். மூலை கணிசமாகத் தெளிந்தது, நடு குழைந்தது. லென்ஸின் ஃபோகஸ் விழும் தளமே தட்டையாக இல்லை, கிண்ணம்போல வளைந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது படத்திலும் மூலை தெளியாவிட்டால்தான் அது லென்ஸின் இயலாமை.

அந்த வளைவும், ஓரத்தில் மிச்சமிருக்கும் மற்றப் பிழைகளும், ஓரக் கதிர்களை லென்ஸின் குழல் வெட்டிவிடுவதும் சேர்ந்துதான் பின்னணி இலைகளைச் சுழல வைக்கின்றன. நடுவில் ஒரு முகம், பின்னால் இலை வழியாக வரும் வெளிச்சம், அதற்கு இந்த லென்ஸை மிஞ்ச எனக்கு வேறில்லை. கட்டடத்தை எடுக்க அதைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். எதற்கு வேண்டும் என்று தெரியாமல் தரத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எஃப்/8-இல் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். அங்கே பெரும்பாலான 50-களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு லென்ஸின் குணம் முழுத் திறப்பில் இருக்கிறது.

* * *

தம்பி, அந்தத் தலைகீழ்ச் சோதனையை நேற்று என் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் செய்து பார்த்தேன். நல்லவேளை, எல்லாம் தேறிவிட்டன. படலம் படிந்த லென்ஸை என்ன செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பழக்கப்பட்ட மெக்கானிக் ஒருவர் பின் கண்ணாடித் தொகுதியைக் கழற்றி, படலத்தைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். கோட்டிங் அரிக்கப்படவில்லை. பூஞ்சையாக இருந்திருந்தால் துடைத்த பிறகும் தடம் மிஞ்சியிருக்கக்கூடும். அதே ஜன்னல், அதே சட்டை, அதே அபெர்ச்சரில் மறுபடி எடுத்தேன். இந்த முறை பொத்தான் துளைக்குள் போகும் நூல்வரை எண்ண முடிந்தது. வெளியூர் கிளம்பும்போது பைக்குள் போவது இன்னமும் அந்தக் கீறல் லென்ஸ்தான்.