கோலாலம்பூருக்கு அருகில் தனியாகக் கூடாரமிட இடம் தேவை

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வசிக்கும் நான், தீபாவளிக்குப் பின் என் பழைய சாகா காரில் தனியாகவே தெற்கே சென்று, கோலாலம்பூருக்கு அருகில் ஓரிரு இரவுகள் கூடாரத்தில் தங்க எண்ணியுள்ளேன். பகலில் பத்துமலைக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் சென்றுவிட்டு, மாலை நெரிசல் தொடங்கும் முன்பே திரும்பிவிடுவது என் திட்டம்.

உலு லங்காட்டில் உள்ள சுங்கை சொங்காக் பொழுதுபோக்கு வனமும் கோல குபு பாருவும் என் மனத்தில் உள்ளன. ஆயினும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் மழை வலுக்கும் என்பதால் ஆற்றோரத்தில் படுக்கத் தயங்குகிறேன். மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் காயும்போதே கெப்பாலா ஆயராக (திடீர் ஆற்று வெள்ளமாக) பாய்ந்து வந்துவிடும். மணற்பாங்கான கரையில் கூடார முளைகளும் நிற்பதில்லை. 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாம் தளத்தில் நிலச்சரிவு 31 உயிர்களைப் பறித்ததை நினைத்தால், சரிவின் அடிவாரமும் வேண்டாம் என்றே தோன்றுகிறது.

ஆகவே, ஆற்றுக்கும் சரிவுக்கும் விலகிய சமதரையில், உரிமம் பெற்று நடத்தப்படும், இரவுக் காவலும் கழிப்பறை விளக்கும் உள்ள, காரைக் கூடாரத்தின் பக்கத்திலேயே நிறுத்தக்கூடிய தளம் எது? பெண்கள் தனியாகத் தங்கிய அனுபவம் இருந்தால் மிகவும் பயன்படும். (அம்மாவின் சம்மதமும் அதைப் பொறுத்தே இருக்கிறது.) வார நாளில் முன்பதிவு தேவையா என்பதையும் தெரிவியுங்கள்.