இலையுதிர் காலத்து ஸ்டார்லிங்கை நீர்வண்ணத்தில் வரைந்த அனுபவம்

இலையுதிர் காலத்தில் பறவைகளை வரையக் கிளம்புவோர் பெரும்பாலும் நிறம் மாறிய மரங்களைத்தான் நாடுகிறார்கள். ஆனால் அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் பறவையை விழுங்கிவிடும் என்பது என் அனுபவம். ஆகவே, இப்பருவத்தில் புறநகர் வீடுகளின் புல்தரையில் கூட்டமாக மேயும் ஐரோப்பிய ஸ்டார்லிங்குகளையே நான் வரைந்துவருகிறேன். மைனாவின் நெருங்கிய உறவான இப்பறவையை வெறும் கறுப்பு என்று ஒதுக்குவோர், இந்த மாதங்களில் அதை அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கோடையின் முடிவில் பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதிய இறகுகளோடு வரும் இப்பறவைக்கு, அவற்றின் நுனிகள் வெள்ளையாகவும் இளம்பழுப்பாகவும் இருப்பதால், உடலெங்கும் புள்ளி தெளித்தாற்போன்ற தோற்றம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் அந்நுனிகள் தேய்ந்துபோக, மறுபடியும் இறகு உதிர்க்காமலேயே வசந்தத்தில் பளபளக்கத் தொடங்கிவிடுகிறது. அலகும் இப்போது கருமையாகவே இருக்கும்; மஞ்சளாவது இனப்பெருக்கக் காலத்தை ஒட்டித்தான். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே மஞ்சள் அலகோடு ஸ்டார்லிங் நிற்கும் ஓவியங்களைக் காணும்போதெல்லாம், நேரில் பார்க்காமல் வரைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கழுத்தில் மின்னும் பச்சையும் ஊதாவும் இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டு உண்டாகும் நிறங்கள் என்பதால், பறவை தலையைத் திருப்பினாலே மாறிவிடும். கறுப்பு வண்ணத்தை நான் தொடுவதில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தையும் அடர்த்தியாகக் கலந்து பூசி, ஈரம் காய்வதற்குள் கழுத்துப் பகுதியில் பச்சையையும் ஊதாவையும் தொட்டுவிடுகிறேன். குளிர்ந்த ஈரக்காற்றில் தாள் மெதுவாகக் காய்வது இதற்கு நல்ல வசதி. புள்ளிகளுக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்; இருந்தாலும், பிறகு வெள்ளை வண்ணத்தால் வைக்கும் புள்ளிகளில் சுண்ணாம்புச் சாயல் தட்டுகிறது. தலையில் பொடியாகத் தொடங்கும் புள்ளிகள் வயிற்றை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனித்து வைத்தால், உடலின் உருட்சி தானாகவே வந்துவிடும்.

ஸ்டார்லிங் தத்துவதில்லை, நடக்கிறது. மூடிய அலகை மண்ணில் செருகி, உள்ளேயே அதைத் திறந்து துளையை அகலப்படுத்திப் புழுவைத் தேடுகிறது. அந்த நிலைக்கு அது மீண்டும் மீண்டும் வருவதால், ஒரே தாளில் பல கோட்டுருவங்களைத் தொடங்கி வைத்து, பறவை திரும்ப வளையும்போதெல்லாம் அதற்குரிய கோட்டுருவத்தைத் தொடர்வது எனக்குக் கைகொடுக்கிறது. இலைகளைக் கடைசியில், மங்கலாக, காலடியில் சிலவற்றை மட்டுமே சேர்க்கிறேன்.