பெரிய வீடு குழுவில் அப்பாவின் கால்

வியாழன், மாலை 6.12

செல்வி: அப்பாவைத் தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு இப்போதுதான் மன்னார்குடி வந்து இறங்கினோம். மாத்திரை ஒன்று எழுதியிருக்கிறார். சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இளங்கோ அத்தான், பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி: (படம்)

பிரபு: கபாபென்டின் 100. கூகுளில் போட்டுப் பார்த்தேன். ஃபிட்ஸ் மருந்து என்று வருகிறது. அப்பாவுக்கு எதற்கு ஃபிட்ஸ் மருந்து??

மல்லிகா சித்தி: ஐயோ

விசாலாட்சி அத்தை: தம்பிக்கு வலிப்பா? என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. எப்போதும் போல எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

செல்வி: வலிப்பு இல்லை அத்தை. தூக்கத்தில் கால் உதறுகிறது, அவ்வளவுதான்.

விசாலாட்சி அத்தை: உதறினால் அதற்குப் பெயர் என்ன? நம் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. படுக்கும்போது கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள்.

முருகேசன் சித்தப்பா: எந்தச் சாவிக்கொத்து? அதில் என் அறைச் சாவியும் இருக்கிறது.

மல்லிகா சித்தி: கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிவேதாவைப் பார்க்க வருகிறார்கள். குடும்பத்தில் வலிப்பு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும்?

நிவேதா: இது வாட்ஸ்அப், அம்மா. இதில் மெதுவாகப் பேச முடியாது.

நிவேதா: அப்புறம், வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். அப்போதும் அது பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ இருந்தால்தான். பெரியப்பா கணக்கிலேயே வரமாட்டார்.

மல்லிகா சித்தி: ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் சட்டம் பேசாதே. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரபு: விஷயத்துக்கு வாருங்கள். இன்று ராத்திரி போடலாமா, வேண்டாமா?

அம்மா: (குரல் பதிவு, 1.34)

நிவேதா: பெரியம்மா, நான் நூலகத்தில் இருக்கிறேன். கேட்க முடியாது.

செல்வி: நானே எழுதுகிறேன். அம்மா சொல்வது இதுதான். படுத்து அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. முதலில் கட்டைவிரல் மட்டும் விறைத்து மேலே போகும். அடுத்து பாதம் மடங்கும், அப்புறம் முழங்கால், அதோடு ஒரு உதை. அம்மா விழித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாராம். இருபத்தைந்து, முப்பதுக்குள் மறுபடி உதை. கொசுவலையின் கால்மாட்டுப் பக்கம் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. காலையில் எழுந்து கொசுக்கடி என்று அம்மாவைத் திட்டுகிறார்.

முருகேசன் சித்தப்பா: அண்ணிக்குத்தான் மாத்திரை வேண்டும்.

மல்லிகா சித்தி: ஞாயிற்றுக்கிழமைக்கு வாழைக்காய் பஜ்ஜியா, போண்டாவா?

பிரபு: பஜ்ஜி

நிவேதா: பஜ்ஜி

விசாலாட்சி அத்தை: எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கேசரி போதும். என் கல்யாணத்துக்கு அதுகூட இல்லை.

இரவு 7.48

இளங்கோ: கடையில் கூட்டம், இப்போதுதான் பார்க்கிறேன். பிரபு, பதறாதே. கபாபென்டினை அமெரிக்காவில் 1993-ல் முதலில் வலிப்புக்குத்தான் அனுமதித்தார்கள். அந்த முத்திரை இன்னும் போகவில்லை. என் கடையில் அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நரம்பு வலிக்காரர்கள், அக்கி வந்து போனபின் எரிச்சல் தாங்காதவர்கள். நரம்பு அளவுக்கு மீறித் துடிப்பதைக் கொஞ்சம் அடக்குகிற மருந்து, அதனால் இதற்கும் கொடுக்கிறார்கள். கமலா அத்தை எண்ணியது அப்படியே பொருந்துகிறது. ஒரு உதறல் அரை நொடியிலிருந்து 10 நொடி வரை நீளும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 5 முதல் 90 நொடி. இப்படித் தொடர்ந்து 4 வந்தால் ஒரு வரிசை. பெரியவர்களுக்கு மணிக்கு 15-க்கு மேல் போனால் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். வலிப்பு பொதுவாக இப்படிக் கடிகாரம் பார்த்து வராது.

முருகேசன் சித்தப்பா: சுருக்கமாகச் சொல்.

இளங்கோ: சுருக்கம்தான் சின்ன மாமா. மாமா, ஒரு கேள்வி. ராத்திரி சும்மா உட்கார்ந்திருக்கும்போது காலுக்குள் ஏதாவது ஊர்வது மாதிரி, குடைவது மாதிரி இருக்கிறதா? எழுந்து நடந்தால் விட்டுவிடுகிறதா?

அப்பா: (படம்: தாமரைப்பூ, இனிய இரவு வணக்கம்)

அப்பா: இல்லை

அம்மா: (குரல் பதிவு, 0.06)

செல்வி: பொய் என்கிறார். ஒன்பது மணிச் செய்தி ஆரம்பித்தால் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடைதானாம்.

அப்பா: அது செரிமானத்துக்கு.

முருகேசன் சித்தப்பா: பத்து மணிக்கு மேலும் செருப்புச் சத்தம் கேட்கும். நான் மோட்டார் போடுகிறேனா என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா: அதையும் பார்த்தேன்.

பிரபு: அப்பா, விளையாடாதீர்கள்.

அப்பா: இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள். கோலி சோடாவை உடைத்தால் பொங்குமே, அந்த மாதிரி. வலி என்றும் சொல்ல முடியாது. டாக்டரும் கேட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இளங்கோ: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் மாமா. விழித்திருக்கும்போது அந்தக் குடைச்சல், தூங்கியபின் உதறல், இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே வரும். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்கிற இங்கிலாந்து மருத்துவர் இதை எழுதி வைத்தார். ஓய்வில்லாத கால் என்று பெயர் கொடுத்தது 1945-ல் ஸ்வீடன்காரர் எக்போம்.

பிரபு: அத்தான், வரலாறு வேண்டாம்

இளங்கோ: சரி. முன்பெல்லாம் இதற்கு பார்க்கின்சன் மாத்திரையைத்தான் முதலில் எழுதுவார்கள்.

விசாலாட்சி அத்தை: பார்க்கின்சனும் இருக்கிறதா?? கடவுளே

இளங்கோ: இல்லை அம்மா, முழுதாகப் படி. அந்த மாத்திரை ஆரம்பத்தில் அருமையாகக் கேட்கும். நாளாக ஆக ராத்திரி வந்த குடைச்சல் சாயங்காலமே வர ஆரம்பிக்கும், சிலருக்குக் கைக்கும் ஏறும். இன்னும் சிலருக்குச் சூதாட்டம், கண்டதையும் வாங்கிக் குவிப்பது என்று புத்தி போகும். அதனால் 2025-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, கால் குடைச்சலுக்குக் கபாபென்டின் வகையைத்தான் முன்னால் வைத்தது.

முருகேசன் சித்தப்பா: அண்ணனுக்குச் சூதாட மாத்திரை தேவையில்லை. 1987 தீபாவளிக்கு அப்பாவின் சைக்கிளை வைத்துச் சீட்டாடினவர்.

அப்பா: அந்த ஆட்டத்தில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது யார்?

முருகேசன் சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

விசாலாட்சி அத்தை: நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு. வலிப்பு மாத்திரையை என் தம்பிக்குக் கொடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இளங்கோ: அம்மா, நீ ரெண்டு வருஷமாகப் பாத எரிச்சலுக்கு ராத்திரி போடுகிறாயே ஒரு மாத்திரை?

விசாலாட்சி அத்தை: அது வைட்டமின். நீதான் சொன்னாய்.

இளங்கோ: வைட்டமினும் இருக்கிறது. கூடவே பிரிகாபலின் 75. கபாபென்டினுக்குத் தம்பி முறை. அதையும் வலிப்புக்குக் கொடுப்பார்கள்.

பிரபு: 😂😂😂

நிவேதா: அத்தை????

விசாலாட்சி அத்தை: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

விசாலாட்சி அத்தை: டேய் வீட்டுக்கு வா. பேசிக்கொள்கிறேன்.

மல்லிகா சித்தி: அக்காவும் ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

இளங்கோ: செல்வி, சீட்டின் கீழ்ப்பக்கம் உன் கட்டைவிரல் மறைக்கிறது. எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு.

செல்வி: (படம்)

செல்வி: அட, கீழே இன்னொரு வரி இருக்கிறது. ஃபெரிட்டின், கிரியேட்டினின். வெளியே வந்த அவசரத்தில் இதைப் பார்க்கவே இல்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது.

இளங்கோ: அதுதான் முக்கியம். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இருக்கிற இரும்புச் சேமிப்பு. அது குறைந்தால் இந்தக் குடைச்சல் கூடும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், ஆனால் சேமிப்பு காலியாக இருக்கும், அப்படியும் உண்டு. 75-ம் அதற்குக் கீழும் வந்தால் இரும்புச்சத்து கொடுக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கு. இந்த மாத்திரை உடம்பில் உடையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மாமாவுக்கு 69 வயது, பார்க்காமல் இருக்கக் கூடாது.

விசாலாட்சி அத்தை: பார்த்தாயா. இரும்பு என்று நான்தான் முதலில் சொன்னேன்.

நிவேதா: அத்தைக்கு அரை மார்க். இரும்பு சரி, கையில் பிடிப்பதுதான் தப்பு.

இளங்கோ: இன்னும் சில கேள்வி. குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா? ராத்திரி காபி? அலர்ஜி மாத்திரை? நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது?

செல்வி: குறட்டை உண்டு. மூச்சு நிற்கிறதா என்று கேட்டதற்கு, உதைக்கு நடுவில் அதை எங்கே கவனிக்க என்கிறார் அம்மா. அரிப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை ஒரு மாதமாகப் போடுகிறார், கடையில் கேட்டு வாங்கியது. நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்து. ஒன்பது மணிக்குக் காபி.

இளங்கோ: தூக்கம் வரவைக்கிற அலர்ஜி மாத்திரை இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும். அதைப் போடுவதை டாக்டரிடம் சொன்னீர்களா? ரோஸ் மருந்து குடித்து 2 மணி நேரம் விட்டுத்தான் கபாபென்டின் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. குறட்டையையும் சொல்லியாக வேண்டும், மூச்சுக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையில் கவனம் வேண்டும். காபியை நிறுத்த வேண்டும்.

அப்பா: காபியை நிறுத்த முடியாது.

இளங்கோ: மாலை நாலு மணிக்குக் குடியுங்கள் மாமா.

அப்பா: அது வேறு காபி.

பிரபு: அப்படியென்றால் இன்று ராத்திரி?

இளங்கோ: நான் மருந்துக்கடைக்காரன், டாக்டர் இல்லை. ரத்தம் பார்த்தபின் ஆரம்பிப்பதா, இன்றைக்கேவா என்று காலையில் அவருக்கே போன் போட்டுக் கேட்கட்டும். மாமா சோடா விஷயத்தையும் சொல்லட்டும். ஆரம்பித்தால் முதல் சில நாள் காலையில் தலை கிறங்கும், அதனால் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. பழகியபின் நாமாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. எல்லாவற்றையும் விட, ராத்திரி கொல்லைக்கு எழுந்து போகும்போது விழுந்துவிடக் கூடாது. அந்த நடையில் லைட் இருக்கிறதா?

செல்வி: பொங்கலிலிருந்து இல்லை.

அப்பா: பொங்கலுக்குப் போட்டுத் தருகிறேன் என்று ஒருத்தன் சொன்னான்.

முருகேசன் சித்தப்பா: அது பொது நடை. பல்பு என் செலவு, மின்சாரம் யார் மீட்டர்? பாகப்பிரிவினையின்போதே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

செல்வி: சித்தப்பா, ஒரு பல்பு.

முருகேசன் சித்தப்பா: பல்பு இல்லை, நியாயம்.

விசாலாட்சி அத்தை: இரண்டு பேரும் நிறுத்துங்கள். அப்பா இருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

மல்லிகா சித்தி: ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாவது அந்த நடையில் வெளிச்சம் வேண்டும். அவர்கள் கொல்லைப் பக்கமும் பார்ப்பார்கள்.

பிரபு: ரத்தம் யார் எடுக்கக் கூட்டிப்போவது? சனிக்கிழமையா, திங்கட்கிழமையா?

செல்வி: சனிக்கிழமை நான் சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

நிவேதா: திங்கள் எனக்குத் தேர்வு

முருகேசன் சித்தப்பா: பார்க்கலாம்.

அம்மா: (குரல் பதிவு, 0.09)

செல்வி: இன்று அம்மா கூடத்தில் படுத்துக்கொள்கிறாராம். மாத்திரை பீரோவில் இருக்கிறது, சாவி அம்மாவிடம்.

இரவு 11.38

முருகேசன் சித்தப்பா: அண்ணா, செருப்புச் சத்தம் கேட்கிறது.

அப்பா: இருட்டில் சத்தம் மட்டும்தான் வரும்.

முருகேசன் சித்தப்பா: அங்கேயே நில்லுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மல்லிகா சித்தி: செல்வி, தூங்கிவிட்டாயா? பெரிய ஃபிளாஸ்க் உங்கள் பக்கம்தானே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.