சிஓடி டெஸ்ட் கழுவுநீரில் பாதரசம்: எந்த ஃபில்டர் மீடியா?

கேள்வி:
சிஓடி (நீரின் மாசை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவையான ஆக்சிஜனை அளக்கும் டெஸ்ட்) கழிவு அமிலத்தைத் தனி கேனில் சேர்த்து அபாயக் கழிவாகவே அனுப்புகிறோம். குழாய்களைக் கழுவும் நீர் மட்டும் வாரம் 40 லிட்டர் வருகிறது. அதில் பாதரசம் 0.5 மி.கி./லி. சாதாரண ஆக்டிவேட்டட் கார்பனில் விட்டும் 0.06-க்குக் கீழே இறங்கவில்லை. 0.01 மி.கி./லி. வரம்புக்குள் கொண்டுவர தயால் ரெசின் (கந்தகக் குழுக்கள் கொண்ட பிசின் மணிகள்) போடலாமா?

பதில் 1:
போடலாம் சார், ஆனால் நேரடியாக விடாதீர்கள். கழுவுநீரில் மிஞ்சியிருக்கும் டைக்ரோமேட் (டெஸ்டில் சேர்க்கும் குரோமிய உப்பு), ரெசினின் தயால் குழுக்களை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுத்துவிடும். பாதரசத்தைப் பிடிப்பதே அந்தக் கந்தகம்தான். உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு 20 மி.கி., வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கிராம் சொச்சம். அதனால் ரெசின் நிரம்பிப் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு வெகுமுன்பே குரோமியத்தால் கெட்டுவிடும்.

அந்தக் குரோமியத்தை முன்கூட்டியே நீக்க, முதலில் நீரின் பிஎச் 2-2.5-க்கு வர வேண்டும். குறைக்க வேண்டியிருந்தால் கந்தக அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் குளோரைடு கூடி, பாதரசம் அதோடு இணைந்து (குளோரைடு அணைவு) ரெசினில் பிடிபடாமல் நழுவக்கூடும். பிறகு ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) சோடியம் பைசல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, மஞ்சள் போய் வெளிர்பச்சை வரும்வரை. ஒரு மி.கி. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு (டைக்ரோமேட்டில் இருக்கும் வடிவம்) கணக்கு 3 மி.கி. பைசல்பைட். மூக்கை எரிக்கும் வாடை வந்தால் பிஎச் மிகக் கீழே, அல்லது மருந்து அதிகம். மிஞ்சும் பைசல்பைட் பாதரசத்தை உலோகமாக ஒடுக்கி ஆவியாக்கக்கூடும், அதனால் கை தாராளம் வேண்டாம். நிறம் மங்கலாக இருந்தால் டைஃபினைல் கார்பசைடு சொட்டு விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் இன்னும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது.

அடுத்து காஸ்டிக் சோடா போட்டு பிஎச் 8-8.5, ராத்திரி முழுக்கப் படிய விட்டு, 5, பிறகு 1 மைக்ரான் ஃபில்டர். வெள்ளி குளோரைடின் மெல்லிய வெண்துகளும் இங்கேயே நிற்கும். அது ரெசின் நிரப்பிய குழாய்க்குள் (column) போனால் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ரெசின் குழாயின் (column) அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 5 செ.மீ. உள்விட்டம், 60 செ.மீ. மீடியா, அதாவது ஏறக்குறைய 1.2 லிட்டர். பிஎச் 6-க்கு இறக்கிய நீரை நிமிடத்துக்கு 100 மி.லி. விட்டால் 12 நிமிடம் தொடர்பு கிடைக்கும். வேகத்தைக் கூட்டினால் தொடர்பு நேரம் குறைந்து, மறுபடி 0.06 போன்ற எண்கள் வரலாம். கந்தகம் ஏற்றிய கார்பனும் ஆகும், ஆனால் ஒரு நாள் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் நீர் ஒரே தடத்தில் ஓடும்.

இப்படி இரண்டு ரெசின் குழாய்களைத் தொடராக வைத்து, நடுவில் சாம்பிள் குழாய் வையுங்கள். அங்கே 0.01 எட்டியதும் முதலாவதைக் கழற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்:
கழற்றிய மீடியாவைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்த முடியுமா?

பதில் 1:
கூடவே கூடாது. சூட்டில் பாதரசம் ஆவியாகி ஆய்வகத்துக்குள்ளேயே சுற்றும். ஈரத்தோடு மூடிய டப்பாவில், சோடா போட்டபின் படிந்த பச்சைச் சேற்றைத் தனி டப்பாவில், பாதரசம் என்று எழுதி அபாயக் கழிவோடு அனுப்புங்கள். சாம்பிளைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட் பொய்யாக நன்றாக வரும்.