மாதச் சந்தா தளம்: பேட்ரியானா, வேறு ஏதாவதா?

வணக்கம் நண்பர்களே. தமிழில் சித்திரக்கதை வரைகிறேன். வாசகர்கள் சிலர் மாதம் ஒரு சிறு தொகை தரத் தயார் என்கிறார்கள். எந்தத் தளத்தில் தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முதலில் பார்த்தது பேட்ரியான் (Patreon). 2025 ஆகஸ்டுக்குப் பிறகு சேரும் படைப்பாளிகளிடம் வருமானத்தில் 10% எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. வாசகர் ஐபோன் செயலி வழியாகச் சந்தா சேர்ந்தால் ஆப்பிளுக்கும் பங்கு போகிறது. 2015-இல் அங்கே தரவுத் திருட்டு நடந்து பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்தன. பழைய கதைதான், ஆனாலும் உறுத்துகிறது.

கோ-ஃபை (Ko-fi) என்ற நன்கொடைத் தளம் பிடித்திருந்தது. ஒருமுறை தரும் நன்கொடையில் தளம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பணம் பெற பேபால் (PayPal) தனிநபர் கணக்கை இணைத்தால் பணம் அனுப்புபவருக்கு என் உண்மைப் பெயர் தெரிந்துவிடும் என்கிறார்கள். நான் புனைபெயரில் வரைபவள், எனக்கு இதுதான் பெரிய கவலை. வணிகக் கணக்கு வைத்தால் போதுமா? மேலும், இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் சேவையை பேபால் 2021-இலேயே நிறுத்திவிட்டது. என் வாசகர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களுக்கு என்ன வழி? மின்மடல் தளமான சப்ஸ்டாக் பக்கம் போனால், இணையத்தில் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் (Stripe) கணக்கு வேண்டும், இந்தியாவில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை.

அப்புறம் இன்னொன்று: அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் வந்த பிறகு வெளிநாட்டுத் தளங்களில் இந்திய அட்டைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா? யூபிஐ ஆட்டோபே (யூபிஐ-யில் தானாகப் பணம் செல்லும் வசதி) வழியாக உள்ளூர்ச் சந்தா வாங்குகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யூடியூப் உறுப்பினர் திட்டம் வேண்டாம், நான் காணொளி போடுவதில்லை.