ஓவியத்தைப் படமெடுக்க ஃபுல் ஃபிரேமா, ஏபிஎஸ்-சியா? (போன் வேண்டாம்!)

மைக்கூடு:
ஐந்தாறு வருடமாக வரைகிறேன். நீர்வண்ணம் ஏ3 தாளில், எண்ணெய் வண்ணம் 24-க்கு 36 அங்குலக் கேன்வாஸில். இதுவரை போனில்தான் படமெடுத்து வந்தேன். இப்போது பிரிண்ட் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்த ஒருவர் "அந்த ஆரஞ்சுக் குடை அழகு" என்றார். நான் வரைந்தது ரத்தச் சிவப்புக் குடை! வார்னிஷ் பூசிய இன்னொரு ஓவியத்தில் கறுப்பு ஆடு, சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி முதுகெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. கேமரா வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமா, அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சியா என்பதுதான் கேள்வி. போனே போதும் என்று யாரும் தொடங்காதீர்கள்.

அரைநிழல்:
தொடங்கத்தான் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த விளக்கில் எடுத்தீர்கள்? வீட்டு எல்இடி பல்பு என்றால் குடையின் கதை அங்கேயே இருக்கிறது. பல்புப் பெட்டியில் போடும் சிஆர்ஐ எண்ணை (வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) எட்டு மங்கலான நிறங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அடர்சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்பார்கள். அது அந்தச் சராசரியில் சேராது. அதனால் சிஆர்ஐ 80 போட்ட பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். வெளிச்சத்தில் இல்லாத சிவப்பை எந்தக் கேமரா எங்கிருந்து கொண்டுவரும்? சிஆர்ஐ 95-க்கு மேல், ஆர்9-உம் 90-ஐத் தொடும் விளக்கு இரண்டு வாங்கி, ஓவியத்தின் இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள். அப்புறம் கேமராவைப் பற்றிப் பேசலாம்.

மூன்றுகால்:
விளக்கு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் நல்ல விளக்கிலும் போன் தன் வேலையைக் காட்டும். அதன் முக்கிய லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 24 எம்எம், அதாவது அகன்ற கோணம். ஏ3 தாள் ஃபிரேம் நிறைய வர வேண்டுமானால் ஓரடி தூரத்துக்குப் போக வேண்டும். போனின் நிழலே தாளில் விழும், கை இம்மி சாய்ந்தாலும் செவ்வகம் சரிவகமாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. நாலைந்து படத்தைத் தானே ஒட்டி, நிழலைத் தூக்கி, விளிம்பைக் கூர்மையாக்கித் தருகிறதே, அதுதான் எனக்கு ஆகாது. நீர்வண்ணத்தில் நிறமி தாளின் பள்ளங்களில் தங்கி மென்மையாகப் பொரிந்து நிற்கும் இல்லையா? போன் அதை மணல் தூவிய மாதிரி ஆக்கிவிடும்.

அரைநிழல்:
போன் கைவைக்காத மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்தால் அந்தச் சேட்டை பெரும்பாலும் போய்விடும். தள்ளி நின்று எடுத்து ஓரத்தை வெட்டிக்கொண்டால் சரிவகமும் குறையும்.

மூன்றுகால்:
வெட்டினால் பிக்சல்? ஏ3 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508 × 4961. அதாவது 17 மெகாபிக்சலுக்கு மேல். 12 மெகாபிக்சல் படத்தில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? 48 என்று போட்ட பல போன்களில் நாலு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற வடிகட்டிதான், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

மைக்கூடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபுல் ஃபிரேமின் பலம் இருட்டிலும் பின்னணியை மங்கலாக்குவதிலும். அசையாத தட்டையான ஓவியத்தை, முக்காலியில், குறைந்த ஒளியுணர்வான ஐஎஸ்ஓ 100-ல், நடுத்தர லென்ஸ் துளையான எஃப் 8-ல் எடுக்கும்போது அந்த இரண்டுக்கும் வேலையே இல்லை. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி, பழையதாக இருந்தாலும் போதும். மிச்சக் காசில் 50 எம்எம் வாக்கில் ஒரு மேக்ரோ லென்ஸ். பிம்பம் ஓரம்வரை தட்டையாக வரும். எஃப் 16-க்குப் போகாதீர்கள், துளை சிறுத்து ஒளி விரிந்து (டிஃப்ராக்ஷன்) கூர்மை மழுங்கும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள்.

கரிக்கோல்:
ஏ3 நீர்வண்ணத்துக்குக் கேமராவே எதற்கு? ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டிக்கொண்டு நான் பாட்டுக்குப் போகிறேன்.

மூன்றுகால்:
எந்த ஸ்கேனர்? மெலிசான சிஐஎஸ் வகையில் கண்ணாடியை விட்டு ஒரு நூல் எழும்பினாலே மங்கிவிடும். ஈரத்தில் நெளிந்த நீர்வண்ணத் தாளுக்கு அது சரிப்படாது. உள்ளே லென்ஸ் வைத்த தடித்த சிசிடி வகை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கரிக்கோல்:
சிசிடிதான். ஆனால் நீர்த்துப் பூசிய வெளிர் வாஷ் சில சமயம் காணாமலே போகிறது, அதை மறைக்கவில்லை. பென்சில் படத்துக்கு இன்றும் ஸ்கேனர்தான் என் கட்சி.

கித்தான்:
பெரிய கேன்வாஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 24-க்கு 36 அங்குலத்தை அதே அளவில் 300 புள்ளியில் அச்சிட 78 மெகாபிக்சல் வேண்டும். ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 100 மெகாபிக்சல் கேமராவில் 8439 துண்டுகளாக எடுத்து, 2022-ல் 717 கிகாபிக்சல் படமாக வெளியிட்டது. வாங்குவதே வாங்குகிறீர்கள், பெரிதாக வாங்குங்கள்.

மூன்றுகால்:
அவர்கள் நிறமித் துகளை எண்ண எடுத்தார்கள். இவர் குடை விற்க எடுக்கிறார். 24 மெகாபிக்சலின் நீளப்பக்கம் 6000 பிக்சல். 36 அங்குலத்துக்கு வகுத்தால் 166 புள்ளி வருகிறது. சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்கிறவருக்கு அது தாராளம். போதாது என்றால் அவர்கள் செய்ததையே சிறிய அளவில் செய்யலாம்: கேமராவும் விளக்கும் அசையாமல் இருக்க, கேன்வாஸை நகர்த்தி ஆறு துண்டாக எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கும்.

மைக்கூடு:
என் அறை பத்தடி நீளம்தான். 50 எம்எம் சரி வருமா? 100 மேக்ரோதான் சிறந்தது என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

மூன்றுகால்:
ஏபிஎஸ்-சியில் 50 எம்எம் என்றால், 36 அங்குலத்துக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு ஏழடி. 100 என்றால் பதினாலு அடி. சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

அரைநிழல்:
ஆட்டை விட்டுவிட்டோமே. அது வார்னிஷில் தெறிக்கும் விளக்கு. கேன்வாஸின் நெசவு மேட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி, எல்லாம் சேர்ந்து சாம்பல். முதலில் விளக்கைப் பக்கவாட்டில் இன்னும் தள்ளிப் பாருங்கள். போகாவிட்டால் இரண்டு விளக்கின் முன்னும் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசிங் ஃபிலிமை ஒரே திசையில் மாட்டி, லென்ஸில் சர்குலர் போலரைசர் போட்டு மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் வெள்ளைப் புள்ளி அத்தனையும் அணைந்து கறுப்பு கறுப்பாக இறங்கும். லென்ஸில் மட்டும் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கித்தான்:
நடந்தால்தான் எனக்குப் பயம். பளபளப்பு மொத்தமும் போனால் தடித்த தூரிகைத் தடம் செத்துவிடும். ஒருமுறை தங்கத்தாள் ஒட்டிய ஓவியத்தை அப்படி எடுத்தேன். தங்கம் சேற்றுப் பழுப்பாக வந்தது. எண்ணெய் வண்ணத்தில் மினுப்பும் படத்தின் பங்குதானே?

அரைநிழல்:
பாதி திருப்பி நிறுத்துங்கள். அல்லது போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்துக் கலந்துகொள்ளுங்கள்.

கித்தான்:
கலந்தால் அது ஓவியம் இல்லை, உங்கள் கற்பனை.

அரைநிழல்:
முதுகு வெளுத்த ஆடு மட்டும் யாருடைய கற்பனை?

மூன்றுகால்:
சண்டை முடிவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராவும் ஓவியமும் இணையாக இருக்கிறதா என்று பார்க்க, கேன்வாஸின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டி வையுங்கள். வியூஃபைண்டரில் பார்த்தால் கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸே ஃபிரேமின் நடுவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முக்காலி சாய்ந்திருக்கிறது. அப்புறம், ஓவியத்தை எடுப்பதற்கு முன் அதே வெளிச்சத்தில் கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) ஒன்றை எடுத்து, வெளிச்சத்தின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் பிடித்துக்கொள்ளுங்கள்.

மைக்கூடு:
இன்று காலை சோதித்தேன். இருப்பது போன்தான். பல்பையெல்லாம் அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓவியத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை வைத்து, ரா கோப்பாக எடுத்தேன். குடை சிவப்பாகவே வந்தது! ஆனால் கோபால்ட் நீல வானம் கொஞ்சம் ஊதாவாகச் சாய்கிறது. கேன்வாஸின் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அகலமாகத் தெரிகிறது. ஆடு அப்படியே சாம்பலில்தான். பழைய ஏபிஎஸ்-சி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விளக்கையும் சேர்த்தே வாங்கப் போகிறேன்.

அரைநிழல்:
நல்லது. குடை சிவந்தது எந்தக் கருவியில் என்று மட்டும் வாங்குவதற்கு முன் இன்னொரு முறை படியுங்கள்.

மூன்றுகால்:
கீழ்விளிம்பு அகன்றது எந்தக் கருவியில் என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும். மைக்கூடு, கோபால்ட் ஊதாவாவது போனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, நல்ல கேமராவிலும் வரும். 24 கட்ட நிற அட்டையை வைத்து ஒரு புரொஃபைல் (நிறத் திருத்தக் கோப்பு) செய்துகொண்டால் ஓரளவு திருந்தும்.

கித்தான்:
ஆட்டை இரண்டு விதமாகவும் எடுத்து இங்கே போடுங்கள். கலக்காமல்.