திறன்பாத்தி: பவர் பேண்டுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், ஸ்ட்ரோக் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை மேலே போவது அல்லது கீழே வருவது) என்பதற்கு 'அடிப்பு', 'நடை', 'வீச்சு' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. 'வீச்சு' என்றே முடித்துவிடலாம் என்பது என் கருத்து. 'நடை' எனக்கும் ஆசையான சொல்தான். ஆனால் 'இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்தேன்' என்றால் போனதும் வந்ததும் சேர்ந்தே ஒரு நடை. பிஸ்டன் மேலே போவது ஒன்று, கீழே வருவது ஒன்று என்று எண்ணும் இடத்தில் அது கணக்கையே கெடுத்துவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒருநடை எஞ்சின் ஆகிவிடும். 'அரிவாளை ஒரே வீச்சில் இறக்கினான்' என்னும்போது ஒரு திசைதான். ஆகவே இருவீச்சு எஞ்சின், நால்வீச்சு எஞ்சின்.

இதை முடித்தால்தான் நான் தேடும் சொல்லுக்கு வர முடியும்: பவர் பேண்ட், அதாவது எஞ்சின் நல்ல வலுவைத் தரும் சுற்றுவேக எல்லை. சிறிய மண்தட பைக்குகளில் இருவீச்சையும் நால்வீச்சையும் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தால், இந்தச் சொல் இல்லாமல் மூன்றாவது வரியிலேயே கை நின்றுவிடுகிறது.

இருவீச்சில் கிராங்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு. நால்வீச்சில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. மோட்டோகிராஸ் என்னும் மண்தடப் பந்தயத்தில் 125 சிசி இருவீச்சும் 250 சிசி நால்வீச்சும் ஒரே வகுப்பில் ஓடுவது இதனால்தான். ஆனால் இரண்டும் வலுவைத் தரும் விதம் வேறு. செங்குத்தான மண்மேட்டில் ஏறும் ஒரு 125-ஐக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் தொண்டை கட்டியதுபோல் உறுமும். திராட்டிலை முழுக்கத் திருகினாலும் பெரிதாக எழாது. ஓட்டுபவர் ஒரு விரலால் கிளட்சை லேசாகத் தொட்டு விடுவார். சுற்று 8,000-ஐத் தாண்டியதும் ஒலி கூர்மையாகி, பின்சக்கரம் மண்ணை வாரி இறைக்கும். 11,000-ஐக் கடந்து சற்றுப் போனால் மறுபடியும் தளர்ந்துவிடும்.

இதற்குக் காரணம் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் வயிறு பருத்த குழாய். எரிந்த வாயுவோடு புறப்படும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சலாகத் திரும்பி, புதுக் கலவையை உள்ளே இழுக்கிறது. குழாய் மீண்டும் குறுகும் இடத்தில் அலை அழுத்தமாகவே திரும்பி, வெளியே நழுவிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. போக்குத்துளை (எரிந்த வாயு சிலிண்டரைவிட்டு வெளியேறும் துளை) மூடுவதற்குள் அந்த அலை வந்து சேர வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தை ஒட்டித்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நால்வீச்சில் வால்வே வாசலை மூடிவிடுவதால் அலையை அவ்வளவு நம்பியிருக்க வேண்டியதில்லை. வலு கீழிருந்தே சீராக ஏறுகிறது.

இப்போது சொல். 'திறன்வீச்சு' பொருந்தாது: 'இருவீச்சு எஞ்சினின் திறன்வீச்சு குறுகியது' என்று எழுதினால் ஒரே தொடரில் ஒரே சொல் இரு பொருளில் நிற்கும். 'பாய்ச்சல்' அழகானது, இருவீச்சு ஓட்டியவர்களுக்கு உடனே புரியும். ஆனால் பாயாமல் சீராக ஏறும் நால்வீச்சுக்கும் பவர் பேண்ட் உண்டே, அங்கே என்ன செய்வது? 'திறன்பட்டை'யில் பிழை இல்லை. இருந்தாலும் பட்டறையில் பட்டை என்றால் பெல்ட் நினைவுக்கு வருகிறது.

நான் முன்வைப்பது 'திறன்பாத்தி'. பாத்திக்கு இரு பக்கமும் கரை உண்டு. குறுகலாகவும் அகலமாகவும் கட்டலாம். தண்ணீர் நிற்பது அதற்குள்தான். வேளாண்மைச் சொல் எஞ்சினுக்கு ஒட்டாது என்ற தயக்கம் எழலாம். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தபின் எனக்கு அது தீர்ந்துவிட்டது: 'இந்த 125-க்குப் பாத்தி குறுகல், கியரைச் சற்று முன்னதாக மாற்றினால் பாத்தியைவிட்டு விழுந்துவிடும்.' 'நால்வீச்சின் திறன்பாத்தி அகலமானது. புதிதாக ஓட்டுபவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.' இரண்டுமே விளக்கம் இல்லாமல் நிற்கின்றன.

பவர் வால்வு மட்டும் இன்னும் பாக்கி. போக்குத்துளையின் மேல்விளிம்பை எஞ்சின் வேகத்துக்கேற்ப ஏற்றி இறக்கி, இருவீச்சின் பாத்தியை அகலப்படுத்தும் தகடு அது. 'மடைத்தகடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது தண்ணீரை உள்ளே விடும் மடைபோல் தொனிக்கிறது. இங்கே நடப்பது வெளியேற்றம். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள். கட்டுரையின் முதற்பகுதியில் திறன்பாத்தி என்றே எழுதத் தொடங்கிவிட்டேன்.